அப்பத்தாவோட ஆஷ்ட்ரே

இந்த எபிசோடுக்குக் காரணமே நீங்கதான். போன மாசம் ஒரு சின்ன வீடியோ கிளிப் போட்டிருந்தோம் இல்லையா? அதுல நான் பேசின விஷயத்தைப் பத்திக் கேட்டவங்க கம்மி. என் தலைக்குப் பின்னாடி இருந்த ஷெல்ஃபைப் பத்திக் கேட்டவங்கதான் ஜாஸ்தி. "ப்ரோ, அதெல்லாம் ஆஷ்ட்ரேயா?", "நீங்க தம் அடிப்பீங்களா?", "அந்தக் கறுப்புல வெள்ளி வேலை செஞ்சது எங்க கிடைக்கும்?"

முதல் ரெண்டுக்கும் உடனே பதில் சொல்லிடறேன். ஆமா, ஆஷ்ட்ரேதான். மொத்தம் பதினாலு இருக்கு. இல்லை, நான் ஸ்மோக் பண்றதில்லை, எப்பவும் பண்ணினதும் இல்லை. மூணாவது கேள்விக்கு வர்றேன். ஆனா அந்த ஷெல்ஃபால ஒருத்தருக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணியிருக்கேன். அதைச் சொல்லாம வெறும் கலெக்‌ஷன் கதை மட்டும் சொன்னா சரியா இருக்காது. ரெண்டையும் சொல்றேன்.

பரண்ல இருந்த மூட்டை

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். தெரியாதவங்களுக்கு: தேனிக்குப் பக்கத்துல, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நேர் கீழ இருக்கிற ஊர். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர். அங்கிருந்து முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவா ஏறிக்கிட்டே போனா போடிமெட்டு. அதுதான் எல்லை. செக்போஸ்ட்டைத் தாண்டினா கேரளா, பூப்பாறை, அப்புறம் மூணாறு. காலையில இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே எங்க ஊர்ல இருந்து ஜீப் ஜீப்பா ஆட்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுவாங்க. சாயங்காலம் இறங்குவாங்க.

என் தாத்தா அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்ல ஏலக்காய் ஸ்டோர்ல வேலை பார்த்தவர். ஸ்டோர்னா கடை இல்லை. பறிச்ச பச்சைக் காயை உலர்த்துற கட்டடம். அடியில விறகு அடுப்பு, அதோட சூடு குழாய் வழியா உள்ள போகும், மேல தட்டுத் தட்டா காய் பரப்பியிருக்கும். சுமார் அஞ்சு கிலோ பச்சைக் காய் காஞ்சாத்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். சூடு ஏறினா காயோட பச்சை நிறம் போயிடும், இறங்கினா பூஞ்சணம் பிடிக்கும். அதனால ராத்திரி முழுக்க ஒருத்தர் கண் முழிச்சு அடுப்பைப் பார்க்கணும். அந்த ஒருத்தர்தான் தாத்தா. முழிச்சிருக்கறதுக்கு அவருக்குத் துணை பீடி. நான் ஏழாவது படிக்கும்போது நுரையீரல் போய் இறந்துட்டார். கடைசி ஒரு வருஷம் அவர் மூச்சு விடுற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

2021-ல ஒர்க் ஃப்ரம் ஹோம்ல போடியில இருந்தேன். ஒரு நாள் ரவுட்டர் வயரை இழுக்கறதுக்காகப் பரண்ல ஏறினேன். அங்க ஒரு பழைய துண்டுல சுத்தின மூட்டை. பிரிச்சா, கனமான பித்தளை ஆஷ்ட்ரே. உள்ளங்கை அளவு. ஓரத்துல சிகரெட் வைக்க மூணு பள்ளம், சுத்தி பூ வேலைப்பாடு. இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, தாத்தா போனதும் அப்பத்தா அவரோட பீடிக்கட்டு, தீப்பெட்டி, லைட்டர் எல்லாத்தையும் தெருவுல தூக்கிப் போட்டதை நானே பார்த்திருக்கேன். இதை மட்டும் துண்டுல சுத்தி வச்சிருக்காங்க.

கீழ இறங்கிக் காட்டினேன். அப்பத்தா ஒரு பார்வை பார்த்தாங்க. "அத என்னத்துக்குடா எடுத்த? இருந்த எடத்துலயே வையி."

நான் வைக்கல. சென்னைக்குத் திரும்பி வரும்போது பேக்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். கேட்காமத்தான்.

எங்க கிடைக்கும், எப்படிப் பார்க்கிறது

ஒண்ணு ஷெல்ஃபுக்கு வந்தா ரெண்டாவது தானா வரும், கலெக்ட் பண்ற எல்லாருக்கும் இது தெரியும். ஆனா இவ்வளவு பழைய ஆஷ்ட்ரே சந்தையில எங்கிருந்து வந்துச்சு? அதுக்கு ஒரு சட்டக் கதை இருக்கு.

1999 ஜூலையில கேரளா ஹைகோர்ட் பொது இடத்துல புகைபிடிக்கறது சட்டவிரோதம்னு தீர்ப்பு கொடுத்துச்சு. 2001-ல உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதிச்சு உத்தரவு போட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, நடுவுல ரெண்டு வருஷம் போடிமெட்டு செக்போஸ்ட்ல நின்னு பத்த வச்ச சிகரெட்டு பத்தடி அந்தப் பக்கம் நகர்ந்தா குற்றம்! அப்புறம் 2003-ல புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்துச்சு. அதுக்கான பொது இடப் புகைத்தடை விதிகள் 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜெயந்தி அன்னைக்கு அமலுக்கு வந்துச்சு. பிடிக்கிறவங்களுக்கு 200 ரூபாய் வரைக்கும் அபராதம்னு எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒரு வரி அதுல இருக்கு: தடை உள்ள பொது இடத்துல ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கொடுத்து வைக்கக்கூடாது, அதுக்கு அந்த இடத்தோட பொறுப்பாளர்தான் பதில் சொல்லணும்.

அதாவது பழக்கத்துக்கு மட்டும் தடை இல்லை, பாத்திரத்துக்கும் தடை. ஆபீஸ் மேஜை, ரெஸ்டாரன்ட் டேபிள், வெயிட்டிங் ரூம்னு எல்லா இடத்துலயும் இருந்த ஆஷ்ட்ரேக்கு அதுக்கப்புறம் வேலை போயிடுச்சு. வேலை போன பொருள் எல்லாம் எங்க போகுமோ அங்க இதுவும் போச்சு: பழைய இரும்புக் கடைக்கும், ஆன்டிக் கடைக்கும்.

நான் அதிகமா வாங்கினது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல. செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் வந்து சேர்ற தெரு அது. எனாமல் பாத்திரம், பழைய கடிகாரம், கண்ணாடிப் படம் நடுவுல தூசி படிஞ்சு ஆஷ்ட்ரேயும் கிடக்கும். வாங்க நினைக்கிறவங்களுக்கு நான் அடி வாங்கிக் கத்துக்கிட்ட நாலு விஷயம்.

ஒண்ணு, ஒரு சின்ன காந்தம் பாக்கெட்ல இருக்கட்டும். பித்தளை காந்தத்துல ஒட்டாது. ஒட்டினா உள்ள இரும்பு, மேல முலாம். நான் முதல்ல வாங்கின மூணுல ரெண்டு அப்படித்தான்.

ரெண்டு, திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க. வருஷக்கணக்கா மேஜையில நகர்ந்த பொருளுக்கு அடியில எல்லாத் திசையிலயும் மெல்லிசான கீறல் இருக்கும். சிகரெட் வைக்கிற பள்ளம் மத்த இடத்தைவிட வழவழன்னு தேய்ஞ்சிருக்கும். புதுசா வார்த்து, ஆசிட் ஊத்திக் கறுக்க வச்சதுல எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருக்கும். உண்மையான பழசு அப்படி ஒரே சீராப் பழசாகாது.

மூணு, நீங்க கேட்ட அந்தக் கறுப்பு ஆஷ்ட்ரே. அது பிதரி வேலை. கர்நாடகாவுல பீதர் ஊர்ல செய்யறது. துத்தநாகத்தோட கொஞ்சம் செம்பு கலந்து வார்த்து, கோடு செதுக்கி அதுல வெள்ளி பதிச்சு, கடைசியா பீதர் கோட்டை மண்ணை நவச்சாரத்தோட கலந்து பூசுவாங்க. உலோகம் கறுத்திடும், வெள்ளி அப்படியே நிக்கும். இதைத் தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. அழகே அந்தக் கறுப்புதான். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லிசுத் துணியால துடைச்சாப் போதும். பித்தளைக்குப் புளியும் உப்பும் ஓகே. ஆனா அதுலயும் பழைய நிறம் வேணும்னா வெறும் சோப்புத் தண்ணியோட நிறுத்திக்கோங்க.

நாலு, இதுதான் ரொம்ப முக்கியம். பழைய பீங்கான் ஆஷ்ட்ரே எவ்வளவு அழகா இருந்தாலும் அதுல முந்திரி, சாக்லேட்னு திங்கிற பொருள் எதையும் வைக்காதீங்க. அந்தக் காலத்துப் பளபளப்புப் பூச்சுல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதோட பல வருஷச் சாம்பலும் தாரும் ஊறினது. சாவி, சில்லறை, தோடு, கிளிப் வைக்கலாம். நம்ம ஊரு சாம்பிராணிக் கோன் வைக்க இதைவிட நல்ல தட்டு கிடையாது, சூடு தாங்கத்தானே செஞ்சிருக்காங்க!

யானை விலை

என்கிட்ட இல்லாத, எப்பவும் இருக்கப் போறதும் இல்லாத ஒரு ஆஷ்ட்ரே பத்தியும் சொல்லிடறேன். 1967-ல ஏர் இந்தியா தன்னோட பயணிகளுக்குப் பரிசா கொடுக்க ஒரு ஆஷ்ட்ரே டிசைன் பண்ணித் தரச் சொல்லி ஒருத்தர்கிட்ட கேட்டாங்க. யார்கிட்ட தெரியுமா? சல்வதோர் தாலி. ஆமா, உருகி வழியற கடிகாரம் வரைஞ்ச அதே தாலி.

அவர் போட்ட டிசைன்: நடுவுல ஒரு சிப்பி, அதோட ஓரத்தைச் சுத்தி ஒரு பாம்பு, தாங்கி நிக்கக் கால். அந்தக் காலை ஒரு பக்கம் பார்த்தா அன்னம், தலைகீழாப் பார்த்தா யானை. அன்னத்தோட நிழல் யானையாத் தெரியற மாதிரி 1937-லயே அவர் ஒரு ஓவியம் வரைஞ்சிருந்தார், அதே விளையாட்டைத்தான் பீங்கானுக்குக் கொண்டு வந்தார். பிரான்ஸ்ல லிமோஜ் பீங்கான்ல சில நூறு மட்டும் செஞ்சாங்க.

சரி, சம்பளம்? தாலி பணம் கேட்கல. ஒரு யானைக்குட்டி கேட்டார். ஏர் இந்தியாவும் சளைக்கல. பெங்களூர்ல இருந்து ஒரு குட்டி யானையை ஜெனீவாவுக்கு ப்ளேன்ல ஏத்தி, அங்கிருந்து ரோடு வழியா ஸ்பெயின்ல அவர் இருந்த கடற்கரை ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. பிற்பாடு அந்த யானை வலென்சியா மிருகக்காட்சி சாலைக்குப் போயிடுச்சு.

இந்தக் கதையை எங்க சொன்னாலும் சிரிப்பாங்க. நானும் பார்ட்டியில நிறைய தடவை சொல்லியிருக்கேன். ஒரு சாம்பல் தட்டுக்கு உலகம் எவ்வளவு அழகையும் பணத்தையும் கொட்டியிருக்குங்கறதுதான் இதுல எனக்குப் பிடிச்ச விஷயம். இப்ப அதே விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. ஏன்னு சொல்றேன்.

நான் பண்ணின கெடுதல்

என் நண்பர் ஒருத்தர். பேர் வேணாம், அவர் இதைக் கேட்டுட்டுத்தான் இருப்பார், சொல்லச் சொன்னதும் அவர்தான். காலேஜ்ல இருந்து ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். குழந்தை பிறந்ததும் விட்டார். ஏழு மாசம் தாக்குப் பிடிச்சார். ஒரு சனிக்கிழமை என் ஃப்ளாட்டுக்கு வந்தார். நான் பெருமையா ஷெல்ஃபைக் காட்டி ஒவ்வொண்ணா அவர் கையில கொடுத்தேன். "இதைத் தூக்கிப் பாரு, என்ன வெயிட்டு பாரு." தாலி கதையும் சொன்னேன். அப்புறம் டீ போட உள்ள போனேன்.

திரும்பி வந்தா பால்கனியில நிக்கிறார். கீழ கடையில வாங்கின சிகரெட். பக்கத்துச் சுவர் மேல என் கண்ணாடி ஆஷ்ட்ரே, ரொம்ப நீட்டா சாம்பல் தட்டிக்கிட்டு இருக்கார். "சும்மா ஒண்ணு மச்சி. கையில அதைப் பிடிச்சதும் என்னவோ மாதிரி ஆயிடுச்சு."

அந்த ஒண்ணு அன்னைக்கு ஒண்ணோட நிக்கல. மறுபடியும் முழுசா விட அவருக்கு அதுக்கப்புறம் பல மாசம் ஆச்சு.

புகைபிடிக்கறதை விட்டவங்களுக்கு நிகோடின் மட்டும் எதிரி இல்லை. பழக்கத்தோட ஒட்டிக்கிட்டு வந்த பொருட்களும் ஆசையைக் கிளப்பும். லைட்டர், டீ கிளாஸ், ஆஷ்ட்ரே. அதனாலதான் விடறவங்களுக்கு முதல் ஆலோசனையா வீட்டுல இருக்கிற ஆஷ்ட்ரேயைத் தூக்கிப் போடச் சொல்றாங்க. நான் அதுல பதினாலை லைட் போட்டு அடுக்கி வச்சிருந்தேன்.

எல்லாத்தையும் அட்டைப் பெட்டியில கட்டினேன். தாத்தாவோடதை மட்டும் திருப்பிக் கொடுத்திடலாம்னு அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன்.

அப்பத்தா சொன்னது

"நீ கொண்டு போனது அன்னைக்கே தெரியும்டா" அப்படின்னாங்க. மடியில வச்சுத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. இது வரைக்கும் எங்க அப்பாவுக்கே தெரியாத கதை.

அப்ப அவங்க எஸ்டேட் லைன் வீட்டுல குடியிருந்தாங்க. ஒரு பங்குனி மாசம். தாத்தா ராத்திரி ஸ்டோருக்கு வெளிய நின்னு பீடி குடிச்சிட்டு, வழக்கம் போலத் துண்டை அங்கிட்டு வீசிட்டு உள்ள போயிருக்கார். அது போய் விழுந்தது விறகு அட்டி பக்கத்துல, காஞ்ச சருகுல. விடியறதுக்குள்ள விறகு எரிஞ்சு, பக்கத்துல ஒருத்தரோட ஆட்டுக் கொட்டகையும் எரிஞ்சு போச்சு. பச்சைக் கொப்பு ஒடிச்சு அடிச்சு, மண்ணள்ளிப் போட்டு அணைச்சிருக்காங்க. ஆள் சேதம் இல்லை. ஆடு ரெண்டு போச்சு.

யார் போட்ட துண்டுன்னு யாரும் கேட்கல. அப்பத்தாவுக்குத் தெரியும். மறுநாள் பங்களாவுக்குப் போய், அங்க வேலை செஞ்ச அம்மாகிட்ட ஒதுக்கிப் போட்ட ஆஷ்ட்ரே ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்திருக்காங்க.

"பீடியை விடுன்னு அம்புட்டு சொன்னேன், கேக்கல. கேக்க மாட்டாருன்னு தெரிஞ்சு போச்சு. சரி, குடிச்சுத் தொலை, ஆனா இதுலதான் அணைக்கணும், சத்தியம் பண்ணுன்னேன். பண்ணுனாரு. அதுக்கப்பறம் சாகுற வரைக்கும் ஒரு கங்கு தரையில விழல. சோத்துத் தூக்கோட இதையும் பையில போட்டுத்தான் வேலைக்குப் போவாரு. அவரு நெஞ்சு போச்சு. ஆனா அடுத்தவன் கூரை போகல."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல. நான் அழகுக்கு வச்ச பொருள் அவங்களுக்கு ஒரு மனுஷன் காப்பாத்தின ஒரே சத்தியம்.

எங்க மலையைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கதையோட கனம் புரியும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மழைக்காடு, இந்தப் பக்கம் மழை மறைவு. மாசி, பங்குனியில நம்ம சரிவு முழுக்கப் புல் காஞ்சு வைக்கோலா நிக்கும். 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத் தீ. மலையேற வந்தவங்க 20 பேருக்கு மேல இறந்தாங்க. நான் அப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன். வீட்டுக்கு போன் போட்டா அப்பத்தா அழுதுக்கிட்டே இருந்தாங்க, முன்ன பின்ன தெரியாத பிள்ளைகளுக்காக. அந்தத் தீயை ஒரு சிகரெட்டோட முடிச்சுப் போட நான் வரல. ஆனா எங்க ஊர்ல தீங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு சொல்றதுக்காக இதைச் சொல்றேன். அப்பத்தா அன்னைக்கு ஏன் அப்படி அழுதாங்கன்னு எனக்கு இந்தப் பொங்கலுக்குத்தான் புரிஞ்சுது.

ப்ளேன்ல ஏன் இன்னும் ஆஷ்ட்ரே இருக்கு?

அடுத்த தடவை ப்ளேன்ல போனா டாய்லெட் கதவைப் பாருங்க. புகைபிடிக்காதேன்னு படம் போட்டிருக்கும். அதுக்குப் பக்கத்துலயே ஒரு குட்டி ஆஷ்ட்ரே இருக்கும். பழைய ப்ளேன்னு நினைச்சிடாதீங்க. புத்தம் புது விமானத்துலயும் இருக்கும். அமெரிக்க விமான விதிகள்ல அது கட்டாயம்.

காரணம் 1973 ஜூலை 11. ரியோவுல இருந்து பாரிஸ் வந்த வாரிக் நிறுவனத்தோட 820-ஆம் எண் விமானம், தரையிறங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பின்பக்க டாய்லெட்ல தீப்பிடிச்சு, வயல்ல அவசரமா இறங்குச்சு. 134 பேர்ல 123 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் புகையால. குப்பைத் தொட்டியில அணையாம விழுந்த சிகரெட்டா இருக்கலாம்னு சந்தேகிச்சாங்க. அதுக்கப்புறம்தான் டாய்லெட் ஆஷ்ட்ரே கட்டாயமாச்சு.

தடை போட்டாச்சு, அப்புறம் எதுக்கு ஆஷ்ட்ரே? ஏன்னா யாராவது ஒருத்தர் தடையை மீறுவார். மீறினவர் பயத்துல அதை எங்க அணைப்பார்? டிஷ்யூ பேப்பர் நிறைஞ்ச தொட்டியில. நம்ம வேலையில இது எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம்தானே? யூசர் தப்பே பண்ண மாட்டார்னு நம்பி கோடு எழுதினா ப்ரொடக்‌ஷன்ல அடி வாங்குவோம். தப்பு நடக்கும்னு எடுத்துக்கிட்டு, நடந்தா அது மத்தவங்க மேல பரவாம எங்க போய் விழணும்னு முன்னாடியே இடம் போட்டு வைக்கணும். விமான இன்ஜினியர்கள் அதை 123 உயிர் போனப்புறம் கத்துக்கிட்டாங்க. பள்ளிக்கூடம் போகாத எங்க அப்பத்தா ஆடு ரெண்டு போனதும் கத்துக்கிட்டாங்க.

இப்ப அந்த ஷெல்ஃப்

பெட்டியைப் பிரிச்சு மறுபடி அடுக்கிட்டேன். ஆனா ரெண்டு விதி வச்சிருக்கேன்.

முதல் விதி, எதுவும் காலியா இருக்கக்கூடாது. காலியா இருக்கிற ஆஷ்ட்ரே 'இங்க தட்டு'ன்னு கூப்பிடும். ஒண்ணுல சாவி, ஒண்ணுல கிடார் பிக், ஒண்ணுல பழைய நாணயம், கண்ணாடி ஆஷ்ட்ரேயில கூழாங்கல். பிதரி மட்டும் சுவர்ல படம் மாதிரி மாட்டிட்டேன். எதையாவது போட்டு நிரப்பினா அது கிண்ணமாயிடுது.

ரெண்டாவது விதி, புகையை விட முயற்சி பண்றவங்க வீட்டுக்கு வர்றாங்கன்னா முன்னாடியே ஷெல்ஃபுக்குத் துணி போட்டு மூடிடுவேன். அவங்க கேட்டாலும் திறக்க மாட்டேன். என் நண்பர் இப்ப நாலு மாசமா சுத்தமா இருக்கார். விடணும்னு நினைக்கிற உங்கள்ல யாருக்காவது: 1800-11-2356, அரசோட இலவசப் புகையிலை விலக்கு உதவி எண். அவரும் அதுலதான் பேசினார்.

தாத்தாவோட ஆஷ்ட்ரே? அதை அப்பத்தா என்கிட்ட திருப்பித் தரல, நானும் கேட்கல. பரணுக்கும் போகல. இப்ப அது எங்க வீட்டுச் சாமி மாடத்துல, விளக்குக்குப் பக்கத்துல இருக்கு. எரிஞ்ச தீக்குச்சியை அதுலதான் போடுறாங்க.

சரி மக்களே, அடுத்த வாரம் பார்ப்போம். மாசி வரப் போகுது, போடிமெட்டு பக்கம் பைக்ல போறவங்க நிறைய பேர் இதைக் கேட்கறீங்கன்னு தெரியும். வளைவுல நின்னு போட்டோ எடுங்க, டீ குடிங்க. பத்த வைக்காம இருந்தா ரொம்ப நல்லது. மீறிப் பத்த வச்சா, அணைச்ச துண்டை ஒரு டப்பாவுல போட்டுக் கையோட கீழ கொண்டு வந்திடுங்க.